ஊர் கேட்கும் கடை

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைத்துக் கடலின்மேல் பாதை போட்டு முடித்து ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்த காலம். நான் ஜொகூர் பாரு நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பத்தை இன்னும் அழைத்து வரவில்லை. ஆகையால் மத்தியானமும் இரவும் சந்தைக்கு அருகிலிருந்த ஒரு தமிழர் சாப்பாட்டுக் கடையில்தான் எனக்கு உணவு.

அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. இலையைக் கழுவித் துடைத்துப் போடுவார்கள். ரசம் தெளிவாகவும் சூடாகவும் வரும். முதல் நாள் நான் நுழைந்தபோதே முதலாளி எழுந்து வந்து என் ஊரைக் கேட்டார். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். தகப்பனாரின் பெயரையும் தொழிலையும் கேட்டார். கடல் கடந்து வந்த இடத்தில் ஒருவர் இவ்வளவு தூரம் விசாரித்தது எனக்கு இதமாக இருந்தது. மூன்றாண்டுகளில் நான் அங்கே அனுப்பிவைத்தவர்கள் பலர். புதிதாக வேலைக்கு வந்த குமாஸ்தாக்கள், நில அளவைக்காரர்கள், குளுவாங்கிலிருந்து ரயிலில் வந்துபோகும் உத்தியோகஸ்தர்கள் என்று யார் கேட்டாலும் நான் சொன்னது ஒன்றே. சாப்பாடு நன்றாக இருக்கும், அதைவிட, ஊர் பேர் விசாரித்து உபசரிப்பார்கள்.

"ஒரு போர்ட் எழுதி மாட்டினால் என்ன?" என்று முதலாளியிடம் ஒருமுறை கேட்டேன்.

"ஐயா வாய் இருக்கும்போது எனக்கு எதுக்குங்க போர்டு? பெயிண்டுன்னா வெயில்ல உரிஞ்சிடும். ஐயா சொல்லு உரியாது" என்று சிரித்தார். எனக்கும் அது பெருமையாகவே இருந்தது.

அந்நாளில் செனாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர்மேல் லாரி ஏறிவிட்டது. அந்த வழக்கு மூன்று நாள் நடந்தது. விபத்தை நேரில் கண்ட ஒரே சாட்சி அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் ஆசிரியர். முப்பது வயதிருக்கும். நறுக்கான பேச்சு. ஒரு சொல்லைக்கூட வீணாகச் செலவழிக்காத அவருடைய சாட்சியத்தை மொழிபெயர்ப்பது எனக்கு இன்பமாக இருந்தது. முதல் நாள் இடைவேளையில், சாப்பிட நல்ல இடம் எது என்று அவர் என்னிடம் கேட்டார். வழி சொன்னேன். என் பெயரைச் சொல்லும்படியும் சொன்னேன்.

மறுநாள் காலை கூண்டில் நின்றபோது அவருடைய குரல் எழவில்லை. உரக்கப் பேசச் சொல்லுமாறு நீதிபதி துவான் என்னிடம் இரண்டு முறை சொன்னார். நானும் இரண்டு முறை சொன்னேன். இடைவேளையில் அவரை நெருங்கி, "என்ன மாஸ்டர், நேற்று சாப்பாடு எப்பிடி?" என்று கேட்டேன்.

"வாசனை ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றார்.

நான் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தேன். கூட்டத்தில் இடம் கிடைக்கவில்லை போலும் என்று எண்ணி, "இண்டைக்கு நீங்கள் என்னோடை வாங்கோ" என்றேன். வேண்டாம் என்றார். வற்புறுத்தினேன். நான் மெச்சிய கடையை ஒருவர் மெச்சாமல் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அதைத் தவிர அந்த வற்புறுத்தலுக்கு வேறு காரணம் சொல்ல என்னால் இயலாது. கடைசியில், "சரிங்க. நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உடன் வந்தார்.

முதலாளி வழக்கம்போல எழுந்து வந்தார். "வாங்க ஐயா, வாங்க" என்றவர் எனக்குப் பின்னால் நின்றவரைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "அவருக்குப் பின்பக்கம் ஏற்பாடு இருக்குதுங்க. சந்து வழியா வந்தா விறகுக் கட்டுக்கிட்ட தட்டுல போட்டுடுவோம். நேத்தே ஊரையும் தெருவையும் விசாரிச்சுட்டுச் சொல்லிட்டேனே. இவருதான் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

அந்தக் கடைக்கு ஒரு பின்பக்கம் உண்டென்பது மூன்றாண்டுகளாக எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு நேரவில்லை.

ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்யப்போகிறேன் என்று காத்திருந்தார் என்றே இன்றும் நினைக்கிறேன். எனக்கு இலை போட்டாகிவிட்டது. இடைவேளை முடிய அரைமணி நேரமே இருந்தது. சுற்றிலும் நான் அனுப்பிவைத்தவர்களே நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். இவற்றைக் காரணங்கள் என்று எழுத எனக்கு உரிமையில்லை. அன்று அவை காரணங்களாகத் தோன்றின, அவ்வளவுதான்.

"நீங்க சாப்பிட்டு வாங்க. கோர்ட்டுக்கு நேரமாச்சு" என்று சொல்லி அவர் வெளியேறினார்.

நான் உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். ரசம் எப்போதும்போல நன்றாகவே இருந்தது.

கை கழுவியபின் முதலாளியிடம், "நான் அனுப்பின ஆளை இப்பிடி நடத்தலாமா?" என்று கேட்டேன்.

அவர் உண்மையாகவே வியந்தார். "ஐயா கோவிச்சுக்கக் கூடாது. ஐயா சொல்லி வந்தவங்கல்லாம் வெறும் ரசத்துக்கா வந்தாங்க? அங்க ஊர் பேர் விசாரிப்பாங்கன்னு ஐயா சொன்னீங்களாம். விசாரிச்சுத்தான் உள்ள விடுவாங்கன்னு புரிஞ்சுக்கிட்டுத்தானே வந்தாங்க? எங்கிட்டயே சொல்லியிருக்காங்க. இப்ப நான் ஒருத்தர உள்ள விட்டா ஐயா பேருதான் கெட்டுப்போவும்."

நான் சொன்னதன் பொருளை என்னைத் தவிர எல்லாரும் அறிந்திருந்தார்கள்.

பிற்பகல் எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையைத் தொடங்கினார். சொந்த ஊர் எது என்பது முதற் கேள்வி. ஆசிரியர் ஊரைச் சொன்னார். பிறகு, யாரும் கேளாமலே, தெருவையும் சொன்னார். காலையில் எழாத குரல் அப்போது மண்டபத்தின் கடைசி வரிசைவரை கேட்டது. தெருவின் பெயருக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. ஆயினும் என் கடமைப்படி அதை நான் என் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் துவானைப் பார்த்தபடியே நின்றார்.

அன்றிரவு நான் சாப்பிடப் போகவில்லை.

மூன்றாம் நாள் இடைவேளையில் வாசற்படியில் அவருக்காகக் காத்திருந்தேன். எத்தனையோ பேருடைய வார்த்தைகளைத் தடுமாறாமல் மாற்றிச் சொன்னவனுக்குச் சொந்த வார்த்தை வரச் சிறிது நேரம் பிடித்தது.

"மாஸ்டர், நேற்று நான் எழும்பி வந்திருக்க வேணும்."

"இலை போட்டாச்சு, பசி நேரம். எழுந்திரிக்கிறது கஷ்டந்தாங்க" என்றார். மன்னித்தாரா, குத்திக் காட்டினாரா என்பதை அவருடைய முகத்திலிருந்து அறிய முடியவில்லை. பிறகு, "இன்னைக்கு நான் ஒரு கடை சொல்றேன், வர்றீங்களா?" என்று கேட்டார். "முன்கூட்டியே சொல்லிடறேன், ரசம் கிடையாது. குழம்புல உப்பு கூட. அப்புறம் நான் பொய் சொல்லிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லாதீங்க."

ரயில் நிலையத்துக்கு எதிரே, தகரக் கூரையின்கீழ் ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவரின் கடை. நீளமான பெஞ்சு ஒன்றுதான். சுமை தூக்குகிறவர் ஒருவர், ஒரு மலாய்க் காவலர், அவர்களுக்கிடையில் நாங்கள். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஊரைக் கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"காரம் போடவா, கம்மி பண்ணவா?" என்று கேட்டார்.

அதைத் தவிர அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. குழம்பில் உப்பு அதிகமாகத்தான் இருந்தது.

"எப்படி?" என்றார் ஆசிரியர்.

"வாசனை நல்லா இருக்குது" என்றேன். அப்போதுதான் அவர் முதன்முறையாகச் சிரித்தார்.

அவருடைய சாட்சியத்தால் அந்த வழக்கு தொழிலாளியின் பக்கம் தீர்ந்தது. நான் பழைய கடைக்குப் போவதை நிறுத்தினேன். முதலாளி ஆள் விட்டு விசாரித்தபோது காரணத்தையும் மறைக்கவில்லை. நான் அனுப்பியவர்களிடமும் ஒவ்வொருவராகச் சொன்னேன். இருவர் என்னோடு பெஞ்சுக் கடைக்கு வந்தார்கள். மற்றவர்கள் பழைய இடத்திலேயே சாப்பிட்டார்கள். அந்தக் கடை நொடித்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில மாதங்களில் அங்கே ஒரு பெயர்ப்பலகை தொங்கியது. நிகழ்ந்த மாற்றம் அது ஒன்றுதான்.

ஆசிரியர் பின்னர் குளுவாங்கிற்கு மாற்றலாகிப் போனார். ஜொகூர் பாருவுக்கு வரும்போதெல்லாம் அந்தப் பெஞ்சில்தான் சந்தித்தோம். பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் எனக்குச் சொன்ன தையற்காரர், செருப்புக் கடை, பல் வைத்தியர் என்று எதுவும் தவறிப் போனதில்லை. ஒவ்வொன்றையும் குறையோடு சேர்த்தே சொல்வார்.

சென்ற மாதம் குளுவாங்கில் அவரைத் தகனம் செய்தோம். மூன்று நாள் காய்ச்சல். தந்தி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது பேச்சு நின்றிருந்தது. திரும்பி ரயிலிலிருந்து இறங்கியதும் எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பெரியவருக்கு இப்போது கண் மங்கிவிட்டது. அருகில் வந்து யார் என்று பார்த்து, "வாத்தியார் வரலியா?" என்றார். சொன்னேன். சற்று நேரம் தோளில் கிடந்த துண்டை மடித்துக்கொண்டே நின்றார். பிறகு, "காரம் போடவா, கம்மி பண்ணவா?" என்று கேட்டார்.

இப்போதும் யாரேனும் ஒரு கடையை என்னிடம் புகழ்ந்தால், அங்கே நுழைந்ததும் முதலில் என்ன கேட்பார்கள் என்பதை விசாரித்துக்கொண்டபின்னரே அதை இன்னொருவருக்குச் சொல்கிறேன்.