வெள்ளத்தில் இரண்டு வரிசை

நனைந்த பஸ் படுதாவின் வாடையோடு பெட்ரோல் வாடையும் சேர்ந்து வந்தால் இன்றும் என் முழங்கால்கள் சில்லிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு கார்த்திகை மழைக்காலம். கோட்டாற்றுக் கச்சேரியில் குமாஸ்தாவாக எனக்கு முதல் நாள். சுசீந்திரம் தாண்டியதும் சாலை, வயல், வாய்க்கால் எல்லாம் ஒரே தண்ணீராகக் கிடந்தன. டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார்.

"ஓரம் தெரியல்ல. வாய்க்கால்ல எறங்கினா அம்புட்டுதான். திருப்பப் போறேன்."

"அய்யோ, இன்னைக்குப் போகலேன்னா எனக்க வேலை போயிரும்!" என்று எழுந்து நின்றேன்.

பக்கத்தில் இருந்த துணி வியாபாரியை அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை. அவர் சாரத்தை மடித்துக் கட்டினார். "எறங்கும் வேய். நாம ஓரத்துல நிப்போம், நடுவுல வண்டி வரட்டும்."

நீந்தத் தெரியாத நான் சாலையின் விளிம்பைக் காலால் தடவிப் பார்த்து நின்றேன். எதிர் ஓரத்தில் அவர். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் இறங்கி இரண்டு வரிசையாக நின்றார்கள். நாங்கள் நடக்க நடக்க, நடுவே பஸ் தேர்போல ஊர்ந்தது.

"பொண்ணு மாப்பிள்ளதான் உள்ள இல்ல!" என்றாள் வரிசையில் வந்த ஒரு மீன்காரி. மழைக்குள் அத்தனை பேரும் சிரித்தோம். மேடு வந்ததும் ஏறிக்கொண்டோம்.

அதன்பின் எத்தனையோ சாலைகளில் அலைந்துவிட்டேன். எதில் போனாலும், ஓரத்தில் யாரோ எனக்காக நனைந்து நிற்பதாகவே தோன்றுகிறது.

அன்று கோட்டாற்றில் இறங்கியதும் வியாபாரி சொன்னார்: "மொத நாளுல்லா, வேட்டியப் பிழிஞ்சி உடுத்திட்டுப் போவும். நாளைக்கும் மழைதான். அந்த ஓரத்துல நான் நிக்கேன்."