எழுந்திருக்காத ராஜா

மேடைப் பயம் என்பது எனக்கு அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. பத்து வயதுச் சிறுமியாக, வடக்கே நாங்கள் குடியிருந்த ஔந்திலிருந்து அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டே போய், கேம்ப் பகுதியில் ஒரு வாடகை மண்டபத்தில் ராஜாவானேன். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா அது. பழைய நாடகம் ஒன்றிலிருந்து ஒரே ஒரு காட்சி. வயதான ராஜா கிரீடத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுச் சிம்மாசனத்தை விட்டு இறங்க வேண்டும். தானாக எழுந்து போகத் தெரிந்தவன்தான் ராஜா, மற்றவனெல்லாம் நாற்காலிக்குக் காவல்காரன் என்கிற மாதிரி நீளமான பேச்சு. எனக்குத் தமிழ் வாசிக்க வராது. சித்தப்பா அதை இந்தி எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்.

அப்பா பன்னிரண்டு வருஷமாகச் சங்கச் செயலாளர். தேர்தல் என்று ஒன்று உண்டுதான். நாடகம் முடிந்து, சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், எல்லோருக்கும் பசிக்கும் நேரத்தில் அது நடக்கும். "பழையபடியே இருக்கட்டுங்க" என்று யாராவது சொல்வார். கைதட்டிவிட்டுத் தட்டு எடுக்கப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமையில் அப்பாவை நான் வீட்டில் பார்த்ததே இல்லை. அம்மா தனியாகவே காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவாள். ஹிஞ்சேவாடிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த சித்தப்பாவுக்கு அந்தப் பதவிமேல் ஆசை, ஆனால் அண்ணன் எதிரே வாய் திறக்க மாட்டார்.

சிம்மாசனம் வேறெதுவும் இல்லை, கூட்டங்களில் அப்பா உட்காரும் கைவைத்த நாற்காலிதான். அம்மா அதன்மேல் தன் பட்டுப்புடவையைப் போர்த்தியிருந்தாள். ஏறி உட்கார்ந்து, ஒரு சொல் பிசகாமல் பேசி முடித்தேன். கைதட்டல் மண்டபத்தையே தூக்கியது. தம்பியாக நடித்த பையன் கிரீடத்துக்குக் கை நீட்டினான். இவ்வளவு நன்றாகப் பேசியவள் எதற்காக இறங்க வேண்டும்? நான் அசையவில்லை.

சித்தப்பா திரைக்குப் பின்னாலிருந்து கெஞ்சினார். கூட்டம் சிரித்தது. முதல் வரிசையிலிருந்து அப்பாவே எழுந்து மேடையோரம் வந்தார்.

"எந்திரி கண்ணு, அவன் எவ்வளவு நேரமா நிக்கறான் பாரு."

"நீங்க மட்டும் பன்னெண்டு வருஷமா இதுலயே உக்காந்திருக்கீங்களேப்பா?"

மைக் பக்கத்திலேயே இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. முதலில் சிரித்தது அம்மா. அப்புறம் மண்டபமே சிரித்தது. அப்பாவின் முகம் சிவந்ததைப் பார்த்ததும் கிரீடத்தை அந்தப் பையன் கையில் திணித்துவிட்டு ஓடினேன்.

தேர்தல் வந்தது. பழையபடியே என்று ஒருவர் ஆரம்பிப்பதற்குள் அப்பா எழுந்து, "இந்தத் தடவ தம்பி பாக்கட்டுங்க" என்றார். சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாவின் பதவியை நானே தொலைத்துவிட்டேன் என்று நான் ஜிலேபிகூடத் தொடாமல் அழுதேன். அப்பாவோ ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காய்கறிப் பையை அவர்தான் தூக்கி வந்தார்.

எல்லாமே என் வாய்த்துடுக்கு என்றுதான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒத்திகை நடந்த நாட்களில் தினமும் எனக்குத் தலை பின்னிக்கொண்டே, அப்பா எத்தனை வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று அம்மா ஏன் என்னை விரல்விட்டு எண்ண வைத்தாள் என்பது எனக்கு அப்போது விளங்கவே இல்லை.