அடிமட்டம் நிற்காத இடம்

நகப்பூச்சு காயட்டும் என்று மக்டலீன் ஊதிக்கொண்டிருந்தார். விரலில் பூசியதல்ல. கீறி அச்சடிக்கும் ஸ்டென்சில் தாளில் ஓர் எழுத்துப் பிழைத்துவிட்டால் அதன்மேல் சிவப்பு நகப்பூச்சைத் தடவி, காய்ந்த பிறகு சரியான எழுத்தைக் கீறுவார். இதற்கென்று இருந்த திருத்தும் மருந்து யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்று நாளாகிவிட்டது. "கலியாணவீட்டுக்கும் பூசாத சாமான். இப்ப ஸ்டென்சிலுக்குப் பூசுறன்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஊதினார்.

ஆள் குருநகர். தொண்ணூறில் சண்டையால் ஊர் கலைந்தபோது தகப்பன் சிமியோனையும், கையால் சுற்றிப் படியெடுக்கும் ஒரு றோனியோ அச்சு இயந்திரத்தையும் ஏற்றிக்கொண்டு கோப்பாய்க்கு வந்து சேர்ந்தார். வலையை விட்டுவிட்டு உந்த இரும்பை ஏன் ஏற்றினாய் என்று சிமியோன் இன்றைக்கும் கேட்கிறார். கடலுக்குப் போகத் தடை என்பதால் அதைக் கேட்பதைத் தவிர அவருக்கும் வேறு வேலை இல்லை. இயந்திரத்தின் கைப்பிடி சுற்றினால்தான் அந்த வீட்டில் உலை வைக்கலாம்.

நான் நடத்தும் சின்னச் சஞ்சிகை அங்கேதான் அச்சாகிறது. ஆனால் முதல் மரியாதை எனக்கில்லை. டியூட்டறியில் கணிதம் படிப்பிக்கும் இளையதம்பி மாஸ்டரின் தாள்களுக்குத்தான். வாரம் தவறாமல் வரும், நிறைய வரைபுகள் இருக்கும். மக்டலீனுக்குக் கணிதம் எட்டாம் வகுப்போடு சரி. என்றாலும் வளைகோடு என்றால் உயிர். கீறும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்வார். பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. கோடு முடிந்த பிறகு, நான் மறந்தே போன கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லுவார்.

கூராகத் திரும்பும் எதுவும் அவருக்குப் பிடிக்காது. அது தொழிலால் வந்தது. மெழுகு பூசிய அந்த மெல்லிய தாளில் இரும்பு முனை ஓரிடத்தில் சட்டென்று திரும்பினால் தாள் கிழியும். கிழிந்த இடத்தால் மை ஒழுகிப் பக்கமே நாசமாகும். அதனால் முனைகளைக் கொஞ்சம் உருட்டிவிடுவார். போகப்போக அதுவே ரசனையாகிவிட்டது. "கூரா விட்டாக் குத்துமண்ணை. வளைச்சு விட்டாத்தான் வடிவு." என் சஞ்சிகையின் பெயரையும் உருட்டி வைத்திருக்கிறார். சண்டை பிடித்துப் பார்த்தேன். சரிவரவில்லை, விட்டுவிட்டேன்.

போன மாதம் அந்த வடிவு வினையானது. மாஸ்டரின் பரீட்சைத்தாளில் ஒரு வரைபு. இரண்டு நேர்கோடுகள் சரிந்து வந்து கீழே கூராகச் சந்திக்கும். பெறுதி, அதாவது கோட்டின் சரிவு, இல்லாத புள்ளி எது என்று கேள்வி. அந்தக் கூர்முனைதான் விடை. மக்டலீன் வழக்கம்போல அதை உருட்டிவிட்டார். பிள்ளைகள் 'அப்படி ஒரு புள்ளி இல்லை' என்று எழுதினார்கள். மாஸ்டர் அத்தனை பேருக்கும் பிழை போட்டார். பத்மாசினி என்ற மாணவி எழும்பி, "சேர், தாளிலை முனை எங்கை இருக்கு?" என்று கேட்ட பிறகுதான் மனிசன் தாளையே பார்த்தாராம்.

அன்று பின்னேரமே சைக்கிளில் வந்து இறங்கினார். நானும் அங்கே இருந்தேன்.

"தங்கச்சி, உமக்கு வடிவு. பிள்ளையளுக்கெல்லோ பிழையாப் போச்சு."

"உந்தச் சின்ன வளைவிலை என்ன வந்திட்டுது, சேர்?"

மாஸ்டர் மேசையில் கோடு போட வைத்திருந்த அடிமட்டத்தை எடுத்துக் கொடுத்தார். "கோட்டைத் தொட்டபடி நகர்த்திப் பாரும். அடிமட்டம் எவ்வளவு சரிஞ்சு நிக்குதோ, அதுதான் அந்த இடத்துப் பெறுதி."

மக்டலீன் நகர்த்தினார். "இறங்குது... இறங்குது... இப்ப படுத்திட்டுது... ஏறுது."

"படுத்த இடத்திலை பெறுதி பூச்சியம். பூச்சியமெண்டாலும் இருக்குத்தானே. நீர் உருட்டினதாலை வந்தது அது."

பிறகு தாளின் பின்பக்கத்தில் அதே வரைபைக் கூராகக் கீறிக் கொடுத்தார். மக்டலீன் அடிமட்டத்தை இடப்பக்கக் கோட்டில் வைத்தார், நின்றது. வலப்பக்கக் கோட்டிலும் நின்றது. முனையில் வைத்தபோது இந்தப் பக்கமும் சாய்ந்தது, அந்தப் பக்கமும் சாய்ந்தது. நாலைந்து தரம் வைத்துப் பார்த்தார்.

"இதிலை ஒரு நிலையா நிக்குதில்லையே, சேர்."

"அதுதான். இவ்வளவு சரிவெண்டு ஒண்டைச் சொல்லேலாது. அதாலை அங்கை பெறுதி இல்லை."

அதோடு போயிருக்கலாம். வாசலில் நின்று, "சனிக்கிழமை கடைசிப் பரீட்சை. உதே வரைபைத் திரும்பப் போடுறன். முனை சரியா வராட்டி இனி நெல்லியடியிலை வேறை ஆளிட்டைக் குடுத்து அடிக்க வேண்டியதுதான். குறை நினையாதையும்" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அவர் சொன்னது நியாயமாக இருந்ததால் கோபம் இன்னும் கூடியது. மாஸ்டரின் வேலை போனால் மிஞ்சுவது என் சஞ்சிகை. அதை நம்பி ஒருவரும் உலை வைக்க முடியாது. வீட்டில் மிச்சமிருந்ததும் ஒரேயொரு புது ஸ்டென்சில்.

வெள்ளிக்கிழமை காலையில் போனேன். பழைய ஸ்டென்சில் துண்டுகளில் முனை கீறிப் பழகிக்கொண்டிருந்தார். ஒரே கோடாகக் கீறியதும், இரண்டு கோடாகக் கீறியதும் எல்லாம் முனையில் கிழிந்து கிடந்தன.

"கோடுகள் சந்திக்கிற இடத்திலை ஒரு நெல்லளவு விட்டிட்டால்?" என்று கேட்டேன். பெரிய யோசனை என்று எனக்குள் ஒரு நினைப்பு.

"சேரிட்டைக் கேட்டுப் பாத்திட்டன். இடைவெளி விட்டா அது வேறை கணக்காம். கேள்வியே பிழைச்சுப் போகுமாம்" என்றார். பிறகு, "விட்டிட்டு அடிப்பம். முனையைப் பிறகு பாப்பம்" என்று அந்த ஒரேயொரு புது ஸ்டென்சிலைக் கையில் எடுத்தார்.

முனையை மட்டும் விட்டு மற்றெல்லாவற்றையும் கீறி, இயந்திரத்தைச் சுற்றினார். கோடு போட்ட கொப்பித்தாள்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. சிமியோன் அவற்றைப் பாயில் பரப்பிக் காயவைத்தார். காய்ந்ததும் மக்டலீன் பேனையையும் அடிமட்டத்தையும் எடுத்துக்கொண்டு குந்தினார். ஒவ்வொரு தாளிலும் இந்தப் பக்கத்துக் கோட்டை நீட்டி, அந்தப் பக்கத்துக் கோட்டை நீட்டி, கையாலேயே சந்திக்க வைத்தார். வகுப்பு முழுவதற்குமான தாள். சாப்பிட எழும்பவில்லை. சிமியோன் தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் போனார்.

பின்னேரமாகியும் ஒரு கட்டுத் தாள் மிச்சம் கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. என் பேனையை எடுத்து, ஒரு தாளை இழுத்து, வெறுங்கையால் முனையை முடித்துக் கொடுத்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது.

மக்டலீன் தாளை வாங்கி முனையில் அடிமட்டத்தை வைத்தார். மெல்ல நகர்த்தினார். இன்னொரு தரமும் நகர்த்தினார்.

"நிக்குதண்ணை. முனையிலை நிக்கக்கூடாது."

என் கையிலிருந்த பேனையை வாங்கித் தன் கொண்டையில் செருகிக்கொண்டு, அடுத்த தாளை எடுத்தார்.