காஜா பேராங்கில் உயிர் வந்த பேட்டரி

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிதில், மலாக்காவின் காஜா பேராங்கில் மலாய் பேசும் ஒரு மலாக்கா செட்டி வீட்டில் கார் ஒன்று சும்மா கிடந்தது. வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. பேட்டரியைக் கழற்றி என் பேட்டரிக் கடைக்குக் கொண்டுவந்தேன். முனையெல்லாம் வெள்ளை பூத்த சனியன். ஆசிட் மாற்றி, மெதுவாகச் சார்ஜ் ஏற்றி, என் உயிரை வாங்கிய பிறகுதான் தேறியது.

போகியன்று பொருத்தப் போனேன். அன்று முன்னோருக்குப் படைப்பது அவர்கள் வழக்கம்; உள்ளே இறந்தவருக்கு இலை போட்டுப் படைத்திருந்தார்கள். சாவியைத் திருப்பினேன், இன்ஜின் உறுமியது. அவர்களுக்குத் தமிழ் வராது என்பதால் மலாயில், "சுடா ஹிடுப்!" என்று கத்தினேன். அதற்கு வண்டி ஓடத் தொடங்கிவிட்டது என்றும் பொருள், உயிர் வந்துவிட்டது என்றும் பொருள்.

இறந்தவரின் மனைவி வாசலுக்கு வந்து கையமர்த்தினார்.

"தெரியும். சத்தம் போடாதே," என்று மலாயில் கிசுகிசுத்தார். "உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்."