வெறும் டப்பா திருப்பிக் கொடுக்காத ஊரில்

ஒரு வீட்டின் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தவனுக்கு அந்த வீட்டுக்காரர்களின் ஜாதகம் தேவையில்லை. எனக்கும் என் மனைவி சரோஜாவுக்கும் அதுதான் தொழில். வீடு வீடாகப் போய்ச் சமையலறையை ஒழித்துக் கொடுப்போம். கண்ணில் படும் இடத்தில் பழமும் காய்கறியும், கைக்கு எட்டாத உயரத்தில் எண்ணெயும் சீனியும், மற்றதெல்லாம் வீட்டுக்கு வெளியே. டயட் அட்டவணை கிடையாது, கலோரிக் கணக்கும் கிடையாது. சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரை இருபத்திரண்டு வருடம் கட்டி மேய்த்தவன் நான். தொழிற்சாலை வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தபோது என்னைக் கூட்டிப்போக மறந்துவிட்டது. பழைய சரக்கு முன்னால், புதுச் சரக்கு பின்னால் என்ற ஒரே வித்தையை வைத்துக்கொண்டு இன்று கிள்ளான் வரைக்கும் பிழைப்பு நடக்கிறது.

ஆரம்பித்து வைத்தவள் சரோஜா. அவளுடைய அண்ணன் இனிப்புநீர் வியாதியில் ஒரு காலை இழந்தவர். அதன் பிறகு எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவள் கண் முதலில் பிஸ்கட் டின்னைத்தான் தேடும். எனக்கும் அதே வியாதி. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இருக்கும், மீதிப் பேர் இன்னும் ரத்தம் கொடுத்துப் பார்க்காதவர்கள் என்ற தைரியத்தில் மனம் விட்டு எழுதுகிறேன்.

முதுகில் எழுதியது

எங்களுக்குச் சீருடை உண்டு. பச்சை டீ-சட்டை, முதுகில் சரோஜா யோசித்து எழுதிய வாசகம்: ‘கண்ணில் படாதது வயிற்றில் படாது.’ வேலைக்குப் போகும் வழியில் அதே சட்டையோடு அரசாங்கக் கிளினிக்குப் போனது என் முட்டாள்தனம். டாக்டர் நம் தமிழ்ப் பிள்ளை, எனக்கு மகள் வயதுதான் இருக்கும். மூன்று மாத ரத்தச் சீனி அளவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். மாத்திரை இனித் தாங்காது, அடுத்த மூன்று மாதத்தில் குறையவில்லை என்றால் இன்சுலின் ஊசிதான் என்று சொல்லிவிட்டார்.

ஊசி என்றதும் சரோஜாவின் முகம் செத்துவிட்டது. அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததாம். எங்கள் வீட்டில் ஒரு துண்டு பிஸ்கட்கூடக் கிடையாது டாக்டர், தினமும் சாயந்திரம் இவர் காலைப் பிடித்து விரல் இடுக்கில் புண் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறேன், பிறகு எப்படி ஏறுகிறது என்று கேட்டாள். அவள் சொன்னது அத்தனையும் அவளுக்குத் தெரிந்தவரை உண்மை. நான் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து திரும்பியபோது டாக்டர் என் முதுகைப் படித்துவிட்டார்.

“நல்லாதான் எழுதியிருக்கு அங்கிள். ஆனா உங்களுக்குத்தான் அது தெரியற எடத்துல இல்ல.”

இடம் கிடைத்தது

அந்த வாரமே பிரிக்பீல்ட்ஸில் பதினெட்டாவது மாடி வீடு ஒன்று. கணவன் மனைவி இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. ஆரோக்கியமாகச் சாப்பிட வேண்டும் என்று முடிவெடுத்து, அந்த முடிவுக்கு வேண்டிய சாமானையெல்லாம் வாங்கிவிட்டார்கள். ஜூஸ் பிழிய ஒரு மெஷின், அதைவிட மெதுவாகப் பிழிய இன்னொரு மெஷின், எண்ணெய் இல்லாமல் பொரிக்க ஒன்று, தயிர் தோய்க்க ஒன்று. வரகு, சாமை, தினை, நான்கு வகை ஓட்ஸ், பெயர் வாயில் நுழையாத விதைகள். அடுப்பைக் காணவில்லை. தேடினோம். மெதுவாகப் பிழியும் மெஷினின் பெட்டிக்கு அடியில் இருந்தது. சாப்பாடு மோட்டார்சைக்கிளில் வருகிறதாம், சமைக்க இடம் இல்லாத காரணத்தால்.

ஒரு நாள் முழுக்க ஒழித்தோம். அடுப்பு வெளிச்சம் கண்டது. கழித்ததில் சீல் உடைக்காதது ஓர் ஆதரவற்றோர் இல்லத்துக்கு, மாதக் கடைசியில் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன் என்பது எங்கள் ஏற்பாடு. திறந்ததை அங்கே வாங்கமாட்டார்கள், குப்பைதான். இங்கேதான் உங்கள் அனுதாபம் எனக்கு வேண்டும். நல்ல சரக்கைக் குப்பையில் போட்டுப் பழகாத கை இது. பாதி தேன் பாட்டில், இரண்டே உருண்டை குறைந்த பேரீச்சம்பழ லட்டு டப்பா, எல்லாம் வேனின் பின்பக்கம் ஏறி எங்கள் வீட்டுப் பின்கட்டுச் சாமான் அறைக்குப் போய்விட்டன. அங்கே பல்லி உண்டு என்பதால் சரோஜா வாசல்படியைக்கூட மிதிக்கமாட்டாள். மத்தியானம் அவள் கண்ணயரும்போது நான் ஸ்டோர் செக் பண்ணப் போவேன். மாதக் கடைசி வந்தது, சீல் உடைக்காதது கொஞ்சம் போனது, கொஞ்சம் போகவில்லை. அன்று வேலை முடிந்து நாங்கள் புறப்படும்போது அந்த வீட்டுக் கணவன் காலியான மேடையைத் தடவிப் பார்த்து நன்றியோடு சொன்னான்:

“சூப்பர் அங்கிள், இப்பதான் எடம் கெடச்சிருக்கு. பிரெட் செய்யற மெஷின் ஒண்ணு ரொம்ப நாளா பாத்து வச்சிருந்தோம் லா.”

லோரிக்குள் ஒரு சமையலறை

பண்டமாரானில் ஒரு பெண் தன் அப்பாவுக்காக எங்களைக் கூப்பிட்டாள். தேவா அண்ணன், துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர், அவருக்கும் நம் வியாதி. சமையலறையை விற்பனைக்கு வைத்த வீடு மாதிரி ஆக்கிக் கொடுத்தோம். ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் போன் பண்ணினாள். அப்பாவுக்குச் சீனி ஏறியிருக்கிறது, நீங்கள் செய்த வேலை சரியில்லை என்றாள். தொழில் மானத்தைக் காப்பாற்ற ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போனேன். அலமாரியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தேவா அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வெளியே நிறுத்தியிருந்த லோரியின் கதவைத் திறந்து காட்டினார்.

டிரைவர் இருக்கைக்குப் பின்னால் ஒரு மளிகைக் கடை. காராசேவு, கச்சான் கடலை, தேங்காய் பன், ஒரு டின்பால், அதில் கலக்கக் கொப்பித் தூள் பொட்டலம். கண்டெய்னர் ஏற்ற வரிசையில் நான்கு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, கையும் வாயும் சும்மா இருக்குமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். பன்னைப் பிய்த்துப் பாதியைத் தந்தார். என் பின்கட்டு அறையைப் பற்றி நான் வாய் திறந்து சொன்ன ஒரே ஆள் அவர்தான். மகளிடம் லோரியைப் பற்றி நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, கூட்டுக் களவாணி ஆகிவிட்டேன். இறங்கும்போது அவர் எனக்கு ஆறுதல் சொன்னார்:

“உங்க வேலையில கொறையே இல்ல பாஸ். வீடு சுத்தமாதான் இருக்கு. நாந்தான் வீட்டுல இருக்கறதில்ல.”

ஒரு கரண்டி சீனியாவது

கிள்ளானில் புஷ்பா அக்கா. வயது அறுபது, குணம் தங்கம், அலமாரி அணைக்கட்டு. கதவைத் திறந்ததும் டப்பாக்கள் என் தலையில் கொட்டின. பாதி அவருடையதே இல்லை. தீபாவளிக்குப் பலகாரம் வந்த டப்பா, கோயில் பூசைக்குப் பொங்கல் வந்த டப்பா, எதிர்வீட்டு டப்பா. அடுத்தவர் டப்பாவை அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பாதி அலமாரி தானாகக் காலியாகிவிடும் என்று சரோஜா புத்தி சொன்னாள். அக்கா தலையாட்டிய வேகத்தைப் பார்த்தே நாங்கள் உஷாராகியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் போனால் வீடு முழுக்க எண்ணெய் வாடை. மூன்று தட்டில் முறுக்கு, ஒரு சட்டியில் அதிரசம். நம் ஆட்களுக்குத்தான் தெரியுமே, வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நமக்கு ஏது? நாற்பது டப்பாவையும் நிரப்பி அனுப்பினார். அதற்காகக் காத்திருந்த மாதிரி ஊரே அக்காவின் பழைய டப்பாக்களைத் தேடி எடுத்துக் கேசரி, லட்டு, மைசூர்பாகு என்று நிரப்பித் திருப்பி அனுப்பியது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்டிகூட நம்மோடு பழகிப் பழகி, பெரிய டப்பா நிறையக் கேக் வைத்து அனுப்பியிருந்தார். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற அக்காவின் கணவர் இரண்டு கிலோ ஏறி சந்தோஷமாக இருந்தார். குழப்பத்தில் சரோஜா மத்தியானச் சுண்டல் கொண்டுபோன எங்கள் டப்பாவும் அங்கேயே தங்கிவிட்டது. அதை மட்டுமாவது வெறுமனே கொடுங்கள் அக்கா என்று கேட்டேன்.

“அது எப்படிங்க தம்பி? ஒரு கரண்டி சீனியாவது போடாம நான் யாருக்கும் டப்பா குடுத்ததில்ல. வீட்டுக்கு நானே கொண்டாந்து தரேன்.”

வீடு தேடி வந்த டப்பா

சொன்னபடி புஷ்பா அக்கா வந்துவிட்டார். திங்கட்கிழமை எனக்குக் கிளினிக், அதற்கு முந்தைய சனிக்கிழமை. சரோஜா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். நான் பின்கட்டில் ஓர் அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்து மிச்சமிருந்த பேரீச்சம்பழ உருண்டையை வாயில் போட்டிருந்தேன். அக்கா கூப்பிட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை, வாய் நிறைந்திருந்தது. குரல் கொடுத்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தவர், துடைத்து வைத்த எங்கள் சமையலறையைப் பாராட்டிக்கொண்டே பின்கட்டு வாசலில் வந்து நின்றார். கையில் எங்கள் டப்பா, அது நிறைய நெய் உருண்டை. அவருக்குப் பின்னால் காய்கறிப் பையோடு சரோஜா.

பல்லியை மறந்து சரோஜா உள்ளே வந்தாள். பிரிக்பீல்ட்ஸ் தேன், பெட்டாலிங் ஜெயா பிஸ்கட், கிள்ளான் முறுக்கு, ஒவ்வொன்றையும் எந்த வீட்டில் தன் கையால் எடுத்துக் கழித்தாள் என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. “தெனமும் உங்க கால புடிச்சிப் பாக்கறனே, அப்பக்கூட சொல்லத் தோணலயா?” என்று மட்டும் கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

புஷ்பா அக்கா கையிலிருந்த டப்பாவை மேசையில் வைத்தார். துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டினார். அவர் வீட்டில் நாங்கள் சொல்லிக் கொடுத்த அதே முறையில் சீல் உள்ளது ஒரு பக்கம், திறந்தது ஒரு பக்கம் என்று பிரித்தார். இது இன்னும் நல்லாயிருக்கு அக்கா என்று நான் இரண்டு முறை சொன்னது அவர் காதில் விழவில்லை. அவரை ஏற்றி வந்த மகனின் காரில் ஒரு பங்கு இல்லத்துக்குப் போனது, மற்றது குப்பைத்தொட்டிக்குப் போனது. கடைசியில் எங்கள் டப்பா மட்டும் மேசையில் இருந்தது. காலையிலிருந்து அவர் பிடித்த உருண்டை. மூடியைத் திறந்து ஒரு முறை பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் தாளில் கொட்டி மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். டப்பாவைக் கழுவித் துடைத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

“வெறும் டப்பாதான் தம்பி. என் வாழ்க்கையில இதான் மொத தடவ. தப்பா நெனைக்காம வாங்கிக்குங்க.”

திங்கட்கிழமை சீனி அளவு குறைந்திருக்கவில்லை, இரண்டு நாள் ஒழுக்கமெல்லாம் மூன்று மாதக் கணக்கில் ஏறாது. ஊசி ஆரம்பித்துவிட்டது. மருந்து எங்கள் ஃபிரிட்ஜின் கதவில், முன்னொரு காலத்தில் ஜாம் பாட்டில் இருந்த இடத்தில் இருக்கிறது. பின்கட்டுச் சாவி சரோஜாவின் தாலிச்சரட்டில் தொங்குகிறது. எனக்குப் புதுச் சட்டையும் அடித்துவிட்டாள். அதே வாசகம் இப்போது நெஞ்சில், நான் குனிந்து பார்த்தால் எனக்கு நேராகத் தெரிகிற மாதிரி தலைகீழாக. வாடிக்கையாளர்கள் அச்சகத்தின் தவறு என்று நினைத்துச் சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரித்து வைக்கிறேன்.

ஊர் வீட்டு அலமாரியையெல்லாம் ஒழித்துக் கொடுத்து நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: வீட்டை விட்டு வெளியே போகாத பண்டமெல்லாம் கடைசியில் வீட்டுக்காரனுக்கு உள்ளேதான் போகும்.