கழுத்துப் பிடிப்பும் கச்சேரிக் கடிதமும்

கழுத்தைப் பிடித்துவிடுவதுதான் என் வேலை. நெரிப்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கான்வென்டில் சிஸ்டர்கள் பழக்கிவிட்ட கை. இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் பெண்களுக்குச் சூடெண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன். பயத்தைத் தோளில் சுமந்து திரிகிறவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். என் பயத்தையும் சொல்லிவிடுகிறேன்: நானும் என் கணவரும் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். கச்சேரி என்கிற அரசாங்க ஆபீஸ் மறுத்தால், எட்டு மாதப் பிள்ளையோடு நான் பார்த்தேயிராத இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்களாம்.

கார் சத்தம்

தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கரின் மனைவிக்குத் தோள் கல்லாக இறுகியிருந்தது. அரைமணி நேரம் பெருவிரலால் அழுத்தி, மூச்சை மெதுவாக விடச் சொல்லி, வெண்ணெய் மாதிரி இளக்கினேன். வளைவில் தோட்டத்தை நடத்தும் துரையின் கார் ஹார்ன் அடித்தது. என் கைக்கடியிலேயே இரண்டு தோளும் காது வரைக்கும் ஏறிவிட்டன. திட்டு வாங்கப்போவது கிளாக்கர். வலி இந்த அம்மாவுக்கு. எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"இனிமே தொரை கொழும்புக்குப் போற அன்னிக்கா பாத்து வர்றேன், தங்கச்சி."

திரைக்கு இந்தப் பக்கம்

தேய்த்தால் நோவு போகும் என்பதை எங்கள் டாக்டர் ஐயா ஒப்புக்கொள்வதில்லை. தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே சிவப்பு மருந்துதான். மேலதிகாரி சோதனைக்கு வருகிறார் என்று கேள்விப்பட்ட மறுநாள் அவர் கழுத்தே திரும்பவில்லை. சிவப்பு மருந்தைக் குடித்துப் பார்த்தாரோ என்னவோ. ஆண்பிள்ளையை நான் தொடக்கூடாது. திரைக்கு வெளியே நின்று நான் சொல்லச் சொல்ல, அவர் மனைவி அழுத்தினார். "மெதுவாங்க" என்று நான் கத்தியும் பலனில்லை. கழுத்து இளகியது என்னவோ உண்மை. ஐயாவின் அலறலுக்கு நடுவே அம்மாவின் குரல் சாந்தமாக வந்தது.

"சத்தம் போடாதீங்க, பழைய கணக்குல இப்பத்தான் நம்ம கல்யாணம் ஆன வருஷத்துக்கே வந்திருக்கேன்."

மாரியாயியின் பெட்டி

கொழுந்து பறிக்கும் மாரியாயிக்குப் பின்கழுத்தில் வலி. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டுவதால்தான் என்று முடிவு கட்டி, மூன்று வாரம் உருவினேன். மாலையில் இளகும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரும்போது மறுபடி கட்டை. கடைசியில் அவள் குடியிருக்கும் லயத்து அறைக்கே போனேன். தலைமாட்டில் தலையணை இல்லை, தகரப் பெட்டி. உள்ளே பிறப்புத் துண்டும், பிரஜாவுரிமைக்குக் காட்ட வேண்டிய கடுதாசிகளும். களவு போய்விடும் என்று அதன் மேலேயே தலை வைத்துப் படுக்கிறாளாம். பெட்டியைப் பரணில் வைக்கச் சொல்லிப் படித்தவள் தோரணையில் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கழுத்து போனா நீங்க உருவிவிடுவீங்கம்மா. கடுதாசி போனா?"

என் முறை

போன வெள்ளிக்கிழமை கச்சேரியிலிருந்து எங்களுக்கும் கடிதம் வந்தது: அத்தாட்சிகளோடு விசாரணைக்கு வரவும். மறுநாள் காலை பிள்ளையைத் தூக்கக் குனிந்தேன். கழுத்திலிருந்து விரல்வரை சுரீரென்றது. பாயில் கிடந்து அழுகிற பிள்ளையைத் தூக்க முடியவில்லை. மாரியாயிக்கு ஆள் அனுப்பினேன். மூன்று வாரம் என் கையிலேயே கற்றவள், அவசரப்படாமல் உருவினாள். எனக்கு அழுகை வந்தது; வரட்டும் என்று விட்டாள். தோள் இளகியது. பிள்ளையை எடுத்து என் மடியில் போட்டாள். பிறகு என் தலையணையை ஒரு தட்டுத் தட்டினாள். உள்ளே சரசரவென்றது: கல்யாணச் சான்று, பிள்ளையின் பிறப்புத் துண்டு, கச்சேரிக் கடிதம்.

"எங்களுக்குத் தகரம், படிச்சவங்களுக்குப் பஞ்சு, புடிக்கிற கழுத்து ஒண்ணுதாங்கம்மா."

என் கை எந்தத் தோளையும் ஒரு ராத்திரிக்கு இளக்கிவிடும். அதற்கு மேல் இளக வேண்டியது கச்சேரி.