சரஸ்வதி டைல்ஸ் பதித்த சந்து

திருப்பதி பேருந்து நிலையத்தின் பின்பக்கம் இன்று பிளீச்சிங் பவுடரும் மூத்திரமும் கலந்த வாடை முகத்தில் அடித்ததும், சாலையை அகலமாக்க இடித்துத் தள்ளிய எங்கள் புத்தூர் மில் சந்துக்குள் மனசால் மறுபடியும் நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்; அதற்கு அந்தச் சந்து ஒன்றுதான் வழி. ஆண்கள் நின்று நின்றே உப்புப் பூத்து உரிந்துபோன மில் சுவரில், இனியாவது அசிங்கம் ஓயட்டும் என்று யாரோ சரஸ்வதி டைல்ஸ் பதித்தார்கள். வெள்ளைப் புடவை, வீணை, கையில் ஏடு, காலடியில் அன்னம். பாலிலிருந்து தண்ணீரைப் பிரித்துவிடும் அந்த அன்னத்தின் அலகுக்குக் கீழே, ஈ மொய்க்கும் மஞ்சள் சாக்கடை ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் வந்தவர்கள் அவளைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பள்ளிப் பெண்கள் ஒட்டி நடக்கும் எதிர்ச்சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்கள்.

"டேய், பொண்ணு வருதுடா."

"அது போய்க்கினே இருக்கும். அங்க சாமி பாக்குது, நீ இப்படி வா."

வாடையைக்கூட மறந்துவிடலாம்; அந்த பக்தியை இன்றும் மறக்க முடியவில்லை.

விஷயம் தெரிந்ததும் என் அப்பா, நைனா, "படிச்சது போதும்மா, நின்னுக்கோ" என்றார்.

"நான் ஏன் நிக்கணும்? அவங்கள நிறுத்தச் சொல்லு நைனா."

மறுநாள் பையிலிருந்த புத்தகத்தை வெளியே எடுத்து, டைல்ஸில் அவள் ஏந்தியிருந்த மாதிரியே ஏந்திக்கொண்டு சந்துக்குள் நடந்தேன். ஒருவனும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, ஒருவனும் தள்ளிப் போகவில்லை.

நானும் தள்ளிப் போகவில்லை.